அறுபத்து நாலு அம்மா

என் வயது ஐம்பத்தொன்று. மைக் முன்னால் நின்றால் பதின்மூன்று. காலையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு போய், "தைரியம் இருந்தா வாடா!" என்று மூன்று தலைப் பாம்பு ஒன்றை மிரட்டிவிட்டு, மாலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவேன். எதிரே வருகிறவர்கள் பாவம் பார்த்து வழி விடுவார்கள். யாரும் பயந்து வழி விட்டதில்லை.

டப்பிங்தான் தொழில். இருபத்தேழு வருடம். அதில் முதல் இருபத்தொரு வருடம் நான் யாராகவும் இல்லை. தீப்பிடித்த கட்டடத்தில் "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்துகிற கூட்டத்தில் ஒருத்தி. கதாநாயகியின் தோழிக்குத் தோழி. லிஃப்ட்டுக்குள் "கதவுகள் மூடுகின்றன" என்கிற குரல். அந்த லிஃப்ட் இருக்கிற கட்டடத்துக்கு என் வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்துப்போய், மூன்று மாடி ஏற்றி இறக்கி, "எப்படிங்க?" என்று கேட்டேன். "கதவு நல்லா மூடுது" என்றார்.

அப்புறம் 'ஏழு மதில்' வந்தது. ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன் தொடர். ஒரு மாய நாட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். ஒவ்வொரு மதிலுக்கும் காவலாக ஒரு வீரன். அவனை அடித்து வீழ்த்தினால் அடுத்த மதிலுக்குப் போகலாம். ஏழையும் தாண்டுகிறவன் கேட்ட வரம் கிடைக்கும். அந்தப் போட்டிக்கு இடுப்புயரத்தில் ஒரு பொடியன் வந்து நிற்கிறான். ஜப்பானியப் பெயர் ஒன்பது எழுத்து, உதட்டசைவுக்குள் அடங்காது. அதனால் தமிழில் அவனுக்கு 'சுண்டு' என்று பெயர் வைத்தார்கள். அவனுக்குக் குரல் நான்.

பையன்களுக்குப் பெண்கள்தான் குரல் கொடுப்போம். பையன்களின் குரல் திடீரென்று ஒரு நாள் உடைந்துவிடும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் சீசனின் கடைசிக் காட்சியில் சுண்டு ஐந்தாவது மதிலின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். தொடரும் என்று போட்டார்கள். ஆறு வருடம் தொடரவில்லை. அவன் அங்கே தொங்கினான், நான் இங்கே தொங்கினேன். சேனல்காரர்கள் முதல் சீசனையே தினமும் மாலை ஐந்து மணிக்குத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்றைக்காவது இரண்டாவது சீசன் வரும், அன்றைக்குக் குரல் போயிருந்தால் என்ன செய்வது என்று நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆறு வருடம் ஐஸ்கிரீம் தொடவில்லை. வீட்டில் யாரையும் கத்தித் திட்டவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகிற மனுஷனைக் கிசுகிசுப்பாகத் திட்டிப் பாருங்கள், அது திட்டாகவே இருக்காது. "என்னமோ ரகசியம் சொல்றியேன்னு நினைச்சேன்" என்பார் அவர். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை அவருக்கு. பொறுமைசாலி. நாளெல்லாம் ஆட்களை உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு அப்படி ஆகிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. இரண்டாவது சீசன். சுண்டு நான்தான். கதை விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது, அவனுக்கு இன்னும் பதின்மூன்றுதான். ஆறு வருடத்தில் எனக்கு மட்டும்தான் வயதாகியிருக்கிறது.

புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் டப்பிங் டைரக்டருக்கு ஸ்டூடியோவில் 'மறுபடி' என்று பெயர். அவர் வாயிலிருந்து அதிகம் வருகிற சொல் அதுதான். ஒலிப்பதிவு செய்கிற பையனுக்குக் 'காது'. எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் தொடரின் சொந்தக்காரக் கம்பெனி அனுப்பிய கையேடு. மறுபடி சார் அதில் ஒரு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"படிங்க."

படித்தேன். சுண்டுவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவன் தாய் அவனை முதல் மதிலின் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் முகத்தை நேரில் பார்க்கும்வரை 'அம்மா' என்கிற சொல்லை வாயால் சொல்வதில்லை என்று அவன் சத்தியம் செய்திருக்கிறான். முதல் சீசனில் இதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில் ஏழாவது மதிலின் வீரர் முகமூடியைக் கழற்றுகிறார். அது அவன் தாய். அவன் ஒரே ஒரு சொல் சொல்கிறான். கீழே சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தது: இச்சொல்லை அதற்கு முன் அவன் எந்த மொழியிலும், எந்த எபிசோடிலும் சொல்லியிருக்கக் கூடாது.

அந்தச் சிவப்பு வரியை இன்னொரு தரம் படித்தேன்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதல் சீசன், முதல் நாள், முதல் அடி. சேவல் தலை ராட்சசன் ஒருவன் சுண்டுவை நெஞ்சில் உதைக்கிறான். ஜப்பானியப் பெண்மணி அந்த இடத்தில் "ங்க்" என்றோ என்னவோ ஒரு முனகல் விட்டிருந்தாள். நான் உணர்ச்சி வேகத்தில் காலை உதறி, மைக் ஸ்டாண்டின் இரும்புக் காலில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறினேன். வாய் திறந்து, மூடி, மறுபடி திறக்கிறது; உதட்டசைவுக்கு அச்சாகப் பொருந்தியது. மறுபடி சார் தன் வாழ்நாளில் முதல்முறையாக மறுபடி என்று சொல்லவில்லை. "இதான். இதான் நம்ம அடி!" என்றார்.

தலை கனத்துவிட்டது எனக்கு. அதற்குப் பிறகு சுண்டுவின் மேல் ஈ உட்கார்ந்தாலும் "அம்மா!"தான். பல்லி மன்னன் விரலை முறிக்கும்போது "அம்மா, அம்மா, அம்மம்மா!" என்று பாட்டிவரைக்கும் போய்விட்டு வந்தேன். மற்ற மொழிக்காரர்கள் எல்லாம் முனகலை முனகலாகவே விட்டிருக்கிறார்கள். அடிபட்டால் பெற்றவளைக் கூப்பிடுகிற பழக்கம் உள்ள நாங்கள் மட்டும், அந்தச் சொல்லையே சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணின பையனின் வாயில் அதைத் திணித்துத் திணித்து வைத்திருந்தோம்.

"எத்தனை தடவை இருக்கும்?" என்று கேட்டேன். ஏழெட்டு இருக்கும் என்று நினைத்தேன்.

"அறுபத்து நாலு" என்றான் காது. "எண்ணிட்டேன்க்கா."

மறுபடி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொன்னீங்க, நான் ஓகே பண்ணேன். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள அறுபத்து நாலையும் மாத்திக் கொடுக்கணும்ங்கறாங்க. இல்லன்னா முழுசா வேற ஆளை வச்சு முதல்ல இருந்து பண்ணிக்கறாங்களாம். அந்த சோப்பு விளம்பரப் பொண்ணு குரலைக் கேட்டு அனுப்பச் சொல்லியிருக்காங்க."

சோப்பு விளம்பரப் பொண்ணு எனக்குத் தெரியும். இருபத்து நாலு வயது. 'நுரை' என்று அவள் சொன்னால் நமக்கே குளிக்கத் தோன்றும்.

"சார், அறுபத்து நாலுதானே, ஒரு மத்தியானத்துல முடிச்சிடறேன்" என்று எழுந்து உள்ளே போனேன். வாய் நீளத்துக்குக் குறைச்சலில்லை.

முதல் அடி ஓடியது. சேவல் தலையன் காலைத் தூக்கினான். நான் "ஆக்!" என்று மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். உதை விழுந்தது. "அம்மா!" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மறுபடி" என்றார்.

"அம்மா!"

"மறுபடி."

ஐயோ என்று சொல்லிப் பார்த்தேன். "வீரன் மாதிரி இல்லயேம்மா, யாரோ போய்ச் சேர்ந்துட்ட மாதிரி இருக்கு" என்றார். அப்பா என்று பார்த்தேன். கையேட்டைப் புரட்டிவிட்டு, "வேணாம். அப்பா யாருங்கறது மூணாவது சீசன்ல வருதாம்" என்றார். வெறும் ஆ என்றால் பல் டாக்டரிடம் உட்கார்ந்த மாதிரி இருந்தது. உஃப் என்றால் சூடான காப்பியை ஊதுகிற மாதிரி. அன்று மத்தியானம் முடியும்போது ஒன்றுகூட ஓகே ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோபாவிலிருந்த தலையணை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் பேப்பர் படிக்கிறவர்போல இருந்தார். நான் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது முதுகில் விட்டெறிந்தார்.

"அம்மா!"

"பழக்கத்தை உடைக்கலாம்னு பார்த்தேன்" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் தலையணை பறந்தது. அவர் கடைப் பாணியிலேயே, "இப்ப சொன்னது நல்லா இருந்துதா, அதுக்கு முன்னாடி சொன்னது நல்லா இருந்துதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுதான். கடைசியில் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து, "உன்கூட இருபத்தஞ்சு வருஷமா இருக்கேன். அடிபட்டா ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்ல நீ" என்றார்.

"உங்களைக் கூப்பிட்டா வந்து பவர்தான் பார்ப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. "அவங்களைத்தான் கூப்பிடற. போன்ல கூப்பிட்டாத்தான் என்னவாம்?"

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க" என்றேன். கிசுகிசுப்பாகத்தான்.

அந்தப் பேச்சு இதுதான். அம்மா என் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், ரயிலில் ஆறு மணி நேரம். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் போனில், "இன்னும் அந்தப் பொம்மைப் படத்துக்குத்தான் கத்திக்கிட்டு இருக்கியா? ஆம்பளைப் பையனாட்டம் கத்திக் கத்தி, இருக்கற குரலும் போகப்போகுது" என்றாள். இருபத்தொரு வருடம் லிஃப்ட்டும் கூட்டமுமாக இருந்துவிட்டு அப்போதுதான் நான் யாரோ ஆகியிருந்தேன். சுருக்கென்று தைத்துவிட்டது. "நான் கத்தறது ஒண்ணும் உன் காதுல விழ வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தது. மாதம் ஒருமுறை அண்ணனுக்கு "எப்படி இருக்காங்க?" என்று அனுப்புவேன். "நலம்" என்று ஒரு சொல் வரும். அண்ணன் சிக்கனமான ஆள்.

மறுநாள் காதுதான் வழி கண்டுபிடித்தான். பென்சில் ஒன்றை எடுத்து வந்து, "குறுக்கால கடிச்சுக்கங்கக்கா. உதடு ஒட்டாது. ஒட்டினாத்தானே அந்தச் சத்தம் வரும்?" என்றான். கடித்துக்கொண்டேன். சேவல் தலையன் உதைத்தான். "ஆக்கா" என்று ஒரு சத்தம் வந்தது. சுமாராகத்தான் இருந்தது, ஆனால் யாரையும் கூப்பிடுகிற சத்தமாக இல்லை. பென்சிலைக் கவ்வியபடி குதிரைபோல நின்று, இரண்டு நாளில் அறுபத்து நாலையும் முடித்தேன். மூன்று பென்சில் போனது. ஒரு கடைவாய்ப் பல் இன்னும் ஆடுகிறது.

கம்பெனி ஒப்புக்கொண்டது. சோப்பு விளம்பரப் பொண்ணு தேவைப்படவில்லை. புது சீசன் வருவதற்கு முன்னால் எல்லோரும் பழைய கதையை ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று, திருத்தின முதல் சீசனை சேனல்காரர்கள் அதே ஐந்து மணிக்குப் போட ஆரம்பித்தார்கள். நான் பார்க்கவில்லை. பென்சில் கடித்த முகம் ஞாபகம் வரும்.

இரண்டாவது சீசன் வேலை ஏழு வாரம் ஓடியது. நன்றாகவே ஓடியது. பழக்கம் உடைந்துவிட்டது. இடியில் அடிபட்டேன், கிணற்றில் விழுந்தேன், நெருப்பில் நடந்தேன். எல்லாவற்றுக்கும் ஆக்கா, ஊக்கா. ஒரு நாள் வீட்டில் குக்கர் மூடி பட்டுக் கை சுட்டபோதுகூட "ஊக்கா" என்றுதான் வந்தது. வீட்டுக்காரர் ஓடி வந்து, என் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, "இது எனக்குப் பிடிக்கல" என்றார்.

கடைசி எபிசோட். அதற்குத்தான் ஆறு வருடம் காத்திருந்தேன். இருபத்தேழு வருடம் என்றும் சொல்லலாம். அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மதியத்துக்குள் சண்டை எல்லாம் முடிந்தது. மூன்று மணிக்கு அந்த இடத்துக்கு வந்தோம். ஏழாவது மதிலின் வீரர் முகமூடியில் கை வைக்கிறார். கழற்றுகிறார். சுண்டுவின் முகம் திரை நிறைய வருகிறது. வாய் திறந்து, மூடி, திறக்கிறது.

"அம்மா!" என்றேன்.

"யாரோ உதைச்ச மாதிரி இருக்கு" என்றார். "மறுபடி."

"அம்மா."

"கடைக்காரம்மாவைக் கூப்பிடற மாதிரி இருக்கு. மறுபடி."

"அம்மா..."

"பஸ்ல கொஞ்சம் நகருங்கங்கற மாதிரி."

நாலு மணிக்குப் பதினைந்து டேக் ஆகியிருந்தது. அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தேன். சளி பிடித்த மாதிரி இருந்ததாம். மெதுவாகச் சொன்னேன், பயந்த மாதிரி இருந்ததாம். அவர் சொன்னதெல்லாம் சரி. எனக்கே கேட்டது. அந்தச் சொல்லை இத்தனை வருடம் வலிக்குத்தான் செலவழித்திருந்தேன். அப்புறம் அதையும் பென்சில் வைத்துப் பிடுங்கிவிட்டேன். இப்போது ஒரு ஆளைப் பார்த்துக் கூப்பிடு என்றால் வரவில்லை.

நாலரைக்குத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். வரவேற்பறையில் சோப்பு விளம்பரப் பொண்ணு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "சும்மா வரச் சொன்னாங்கக்கா" என்றாள். சும்மா யாரும் யாரையும் அப்படி வரச் சொல்ல மாட்டார்கள். எல்லா அடியும் நான் வாங்கியாகிவிட்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் சொல்லிவிட்டுப் போவாள், ஊர் முழுக்க அதைக் கேட்டுத்தான் அழும். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்தது.

உள்ளே போய் இன்னும் ஏழு டேக். இருபத்திரண்டு முடிந்ததும் மறுபடி சார் பொத்தானை அழுத்தி, ஹெட்போனில் மெதுவாகக் கேட்டார். "உங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க? அப்படியே கூப்பிடுங்க, போதும்."

நான் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன்.

"கடைசியா எப்பக் கூப்பிட்டீங்க?"

"நாலு வருஷம் ஆச்சு சார்" என்றேன். மைக் திறந்திருந்தது. காது தன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எங்கேயோ பார்த்தான்.

"பத்து நிமிஷம் பிரேக்" என்றார் மறுபடி சார்.

நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. அம்மாவின் நம்பரைத் தேடி எடுத்தேன். என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிட வேண்டாம். பாசம் பொங்கி நான் அந்தப் போனைப் பண்ணவில்லை. வேலைக்காகப் பண்ணினேன். ஒரு தடவை கூப்பிட்டு, அது வாயில் எப்படி வருகிறது என்று பிடித்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் மைக்குக்கு ஓடிவிடலாம் என்று கணக்கு. பதினோரு அடி தூரம்தான்.

மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் டிவி சத்தம். நேரம் ஐந்து பத்து.

"ஹலோ, யாரு?"

"அம்மா" என்றேன்.

டிவியில் யாரோ யாரையோ அடித்தார்கள். "ஆக்கா" என்றது ஒரு பையன் குரல். என் குரல்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா. "எங்கயாவது அடிபட்டுக்கிட்டியா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

"பின்ன ஏன் ஒரு மாசமா கூப்பிடறதே இல்ல?"

எனக்குப் புரியவில்லை. "நான் எங்கேம்மா கூப்பிட்டேன்..."

"இதுலதான். தினம் அஞ்சு மணிக்குக் கூப்பிடுவியே. ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. அந்தப் பல்லி வர்ற அன்னிக்கு வரிசையாக் கூப்பிடுவ. நான் எல்லா வேலையும் நாலரைக்கே முடிச்சுட்டு உக்காந்துடுவேன். கதை ஒண்ணும் புரியறதில்ல. நீ கூப்பிட்டா, சரி, பொண்ணு நல்லா இருக்கான்னு எழுந்து போவேன்." மூச்சு வாங்கினாள். "ஒரு மாசமா அதே படம்தான் ஓடுது, அதே அடிதான் விழுது, நீ மட்டும் கூப்பிட மாட்டேங்கற. ஆக்கு ஊக்குங்கற. வாய்ல ஏதாவது வந்துடுச்சான்னு பயந்து போயிட்டேன். உங்க அண்ணன்கிட்ட கேட்டா நலம்ங்கறான். அவனுக்கு எல்லாமே நலம்தான்."

சுவரில் சாய்ந்துகொண்டேன்.

கதவு திறந்து காதின் தலை தெரிந்தது. மணிக்கட்டைக் காட்டினான்.

"அம்மா, இரு. வச்சிடாத. ரெண்டு நிமிஷம். வச்சிடாதம்மா."

"நான் எங்கடி வைக்கப்போறேன்?" என்றாள்.

போனை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரை ஓடியது. முகமூடி கழன்றது. படத்திலிருக்கிற பெண்ணுக்கு நீளமான முடி, வெள்ளைக் கண், கையில் ஒரு வாள். என் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுண்டுவின் வாய் திறந்தது. நானும் திறந்தேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. சொல்லி முடித்துப் பார்த்தபோது காது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். மறுபடி சார் குனிந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவர் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க நான் நிற்கவில்லை.

போன் நாற்காலியிலேயே இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். டிவியை நிறுத்தியிருந்தாள், அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா?"

"இருக்கேன். எங்க போன?"

"உள்ள போய் உன்னைக் கூப்பிட்டுட்டு வந்தேன்ம்மா. கடைசி எபிசோட்ல வரும். டிவியில பாரு."

"எத்தனை தடவை?"

"ஒரே ஒரு தடவைதான்."

"ஒண்ணுதானா?" என்றாள் அம்மா. "நாலு வருஷத்துக்கு?"